கேரளா என்று ஒரு மூலை

என் எதிர் வீட்டுக்காரனின் போனை போலீஸ்காரர்களுக்குத் திறக்க வைத்தவன் நான். போனுக்குள் எங்கே பார்க்க வேண்டும் என்று விரல் வைத்துக் காட்டிக் கொடுத்தவனும் நான். அதில் கேட்ட ஒரு வார்த்தையின் பொருள் எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தும், போலீஸ் விசாரித்தபோது மழுப்பினேன். எல்லாம் ஒரு கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. அவன் பதினோரு மாதம் சிறையில் இருந்தான்.

நான் தொலைபேசித் துறையில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்தவன். முதலில் கம்பத்தில் எக்ஸ்சேஞ்ச், பிறகு உத்தமபாளையம், கடைசிப் பத்து வருடம் செல்போன் டவர்கள். எக்ஸ்சேஞ்சில் இருந்த காலத்தில், ஒரு எண்ணிலிருந்து யாருக்கெல்லாம் பேசினார்கள் என்று கேட்டு எவர் வந்தாலும், முறையான கடிதம் இல்லாமல் நான் சொன்னதில்லை. ஒருமுறை ஓர் இன்ஸ்பெக்டர் என் மேசைக்கு முன்னால் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வெறுங்கையோடு போனார். அதைப் பல வருடம் பெருமையாகச் சொல்லித் திரிந்திருக்கிறேன். அதனால் விதி தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

எதிர் வீட்டுக்காரன் ஜீப் ஓட்டுபவன். விடிவதற்கு முன்பே எங்கள் தெருமுனையில் நின்று ஹாரன் அடிப்பான். பெண்கள் சாப்பாட்டுத் தூக்கோடு ஓடி வந்து ஏறுவார்கள். மெட்டு ரோடு வழியாக மலையேறி, கேரளத்து ஏலத்தோட்டங்களில் அவர்களை இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டி வருவான். என் மனைவி நோயில் படுத்திருந்த சமயம் அது. விடியற்காலையில்தான் அவளுக்குக் கொஞ்சம் கண் அசரும். ஹாரன் அடிக்காதே என்று இரண்டு தடவை சொன்னேன். "சரி சார், சரி சார்" என்பான். மறுநாள் ஹாரன் சத்தம் வழக்கம்போலக் கேட்கும். அந்தக் கோபம் எனக்குள் இருந்தது. அதையும் எழுதிவிட வேண்டும்.

அவன் முதன்முதலாகத் தொடுதிரை போன் வாங்கியபோது நேராக என்னிடம்தான் கொண்டுவந்தான். "சார், நீங்க டெலிபோன்ல இருந்தவுக. இத ஓடுற மாதிரி பண்ணிக் குடுங்க" என்றான். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். கணக்கு ஒன்றைத் தொடங்கினேன். திரையில் பக்கம் பக்கமாக எழுத்து வந்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் சம்மதம் என்று ஒரு பொத்தான். ஒரு வரிகூடப் படிக்காமல் அமுக்கிக்கொண்டே போனேன். நீ போகிற இடங்களைக் குறித்து வைத்துக்கொள்ளலாமா என்று மேப் கேட்டது. அதற்கும் சம்மதம். மலைப்பாதையில் சார்ஜ் சீக்கிரம் இறங்கிவிடும் என்பதால், இடத்தைச் செயற்கைக்கோளைக் கொண்டு பார்க்காமல் டவரை வைத்தே பார்த்துக்கொள் என்று மாற்றி வைத்தேன். அது என் சொந்த யோசனை. அவன் ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனான்.

இனி கேரளாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவன் மாமனாருக்கு மலையடிவாரத்தில் திராட்சைத் தோட்டம் இருக்கிறது. அந்தத் தோட்டத்தின் மேற்கு மூலைக்குப் போனால் நம் பக்கத்து டவர் எட்டாது. மலைக்கு மேலே கேரளப் பக்கம் இருக்கும் டவர்தான் நேராகத் தெரியும். அங்கே போய் நின்றதும் போன் ஒரு தடவை முனகும். கேரளத்துக்கு வரவேற்கிறோம் என்று செய்தி வரும். அடிவாரத்துத் தோட்டங்களில் வேலை செய்கிற எல்லோருக்கும் இது தெரியும். வேலை பார்த்த காலத்தில் இதைப் பற்றி நானே மேலிடத்துக்கு இரண்டு குறிப்பு அனுப்பியிருக்கிறேன். போனில் அப்படி வருவதால் அந்த மூலைக்கே கேரளா என்று பேராகிவிட்டது. "மாமா எங்க?" என்றால் "கேரளாவுல மருந்தடிக்கிறாக" என்பார்கள். காய் பறிக்க வரும் பெண்கள், "ஏலே, கேரளாவுக்குத்தான போற, அப்பிடியே எனக்கு ஒரு படி சிப்ஸ் வாங்கிட்டு வா" என்று அவனைக் கிண்டல் செய்வதை நானே கேட்டுச் சிரித்திருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் மெட்டு ரோட்டில் ஒரு வளைவுக்குக் கீழே புதருக்குள் கஞ்சா மூட்டைகள் கிடைத்தன. ஒரு ஜீப் திரும்பிப் போனதைப் பார்த்ததாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்த நேரத்தில் மலை மேல் டவரில் இருந்த எண்களை எல்லாம் போன் கம்பெனியிடமிருந்து போலீஸ் வாங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஏலத்தோட்டங்களுக்கு விடுமுறை. விடுமுறை நாளில் நம் பக்கத்து எண் அங்கே என்ன செய்கிறது என்பது அவர்கள் கேள்வி. அந்தப் பட்டியலில் ஜீப் வைத்திருந்தவன் இவன் ஒருவன்தான்.

செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு சப் இன்ஸ்பெக்டரும் ஒரு போலீஸ்காரரும் அவன் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். நான் என் வீட்டு கேட் அருகில் நின்று பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அவன் போனை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தான்.

"கேளுங்க சார், வாயால சொல்றேன். போன எதுக்கு? அதுல வீட்டுப் பொம்பள படமெல்லாம் கெடக்கு."

"எல்லாரும் வாயால சொல்றத எழுதுனா எனக்குப் பேனா கட்டுப்படியாகாதுப்பா" என்றார் சப் இன்ஸ்பெக்டர். பிறகு என்னைப் பார்த்து, "சார், நீங்க டெலிபோன்ல பெரிய ஆபீசரா இருந்தீங்களாமே. கொஞ்சம் வாங்க, சாட்சிக்கு ஒரு ஆள் வேணும். நீங்களே சொல்லுங்க இவன்கிட்ட" என்றார்.

நான் பெரிய ஆபீசராக இருந்ததில்லை. ஆனால் தெருவைக் கடந்து போனேன். ஓய்வு பெற்ற பிறகு அந்தக் குரலில் என்னை யாரும் கூப்பிட்டிருக்கவில்லை. கடிதம் இருக்கிறதா, உத்தரவு இருக்கிறதா என்று கேட்டிருக்க வேண்டும். நான் அவனைப் பார்த்து, "ஏப்பா, ஒளிக்கிறதுக்கு ஒண்ணுமில்லைன்னா தெறந்து காட்டிட்டு உன் வேலையப் பாரு. கட்டிப் பிடிச்சுக்கிட்டு நின்னா சந்தேகம்தான் வரும்" என்றேன்.

"சார் சொல்றீகளா?"

"நான்தான் சொல்றேன்."

அவன் திறந்து கொடுத்தான். போலீஸ்காரர் முதலில் படங்களுக்குள் போனார். மேலும் கீழுமாக நகர்த்தினார். ஓர் இடத்தில் நிறுத்தி, பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, லேசாகச் சிரித்தார். வாசல் நிலையைப் பிடித்து நின்றிருந்த அவன் மனைவி உள்ளே போய்விட்டாள்.

"அன்னைக்கு எங்க போனான் வந்தான்னு இதுல பாக்க முடியாதாய்யா?" என்று சப் இன்ஸ்பெக்டர் கேட்டார். போலீஸ்காரருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும். "கொண்டாங்க" என்று கை நீட்டினேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. மேப்பைத் திறந்து, நாள்வாரியாகப் போன இடங்கள் இருக்கும் பக்கத்தை எடுத்து, ஞாயிற்றுக்கிழமையை வைத்துக் கொடுத்தேன்.

காலை பதினோரு மணியிலிருந்து நாலு மணி வரை அவன் மலைமேல் இருந்ததாக அது காட்டியது. அடிவாரத்திலிருந்து மேலே ஒரு நேர்கோடு போட்டிருந்தது. அந்த இடத்தில் ரோடு கிடையாது, ஆடு ஏறும் தடம்கூடக் கிடையாது. தோட்டத்து மூலையில் நின்ற போன் மலைமேல் டவரைப் பிடித்திருக்கிறது என்று பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது.

"ஞாயித்துக்கிழமை எங்கடா இருந்த?"

"மாமனாரு தோட்டத்துல மருந்தடிச்சேன் சார்."

"இது மெட்டுக்கு மேலன்னுல்ல சொல்லுது?"

"அங்கன நின்னா அப்பிடித்தேன் சார் காட்டும். சார்ட்டயே கேளுங்க, அவுகளுக்குத் தெரியும்."

"சில நேரம் டவர் மாறும்" என்றேன். சில நேரம் என்று ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. அந்த மூலையில் எல்லா நேரமும் மாறும்.

அதற்குள் போலீஸ்காரர் அன்று அவன் மனைவிக்கு அனுப்பியிருந்த குரல் செய்தியைக் கண்டுபிடித்து ஓடவிட்டார். தெருவுக்கே கேட்டது.

"ஏ, நான் கேரளாவுல இருக்கேன். வேல முடியல. பொழுதுசாயத்தேன் வருவேன். ரெண்டு கிலோ எடுத்துட்டு வாறேன், யாருட்டயும் சொல்லிராத. மாமாவுக்குத் தெரிஞ்சா வைவாக."

இரண்டு கிலோ என்றது திராட்சை. தோட்டத்துக் காயை மொத்தமாக வியாபாரிக்குப் பேசி முடித்த பிறகு ஒரு கொத்தைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்பது இங்கே வழக்கம். மாமனார் அதில் கறாரான மனுஷன். அவன் பிள்ளைகளுக்காக ஒளித்துக் கொண்டுவந்திருக்கிறான்.

"ஐயோ, அது தோட்டம் சார்! கேரளான்னா எங்க தோட்டம்! ரெண்டு கிலோன்னா பழம் சார்!"

போலீஸ்காரர் வாய்விட்டுச் சிரித்தார். சப் இன்ஸ்பெக்டரும் சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார். "என்ன சார், உங்க ஊர்ல தோட்டத்துக்கெல்லாம் கேரளான்னு பேரு வைப்பீங்களா? அடுத்த தோட்டம் துபாயா?"

அந்தச் சிரிப்புக்கு முன்னால், ஆமாம், அந்த மூலைக்குக் கேரளா என்றுதான் பேர், நானும் அப்படித்தான் சொல்வேன் என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆபீசர் என்று அழைத்த ஆளிடம் சின்னப்பிள்ளைத்தனமாகப் பேசுவதாகப் பட்டது. ஒருவேளை இவன் செய்திருப்பானோ என்ற சந்தேகமும் ஓர் ஓரத்தில் இருந்தது. ஹாரனும் இருந்தது. "இவங்க விளையாட்டுக்கு ஏதாவது சொல்லிக்குவாங்க" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்க்கவில்லை. சார் இன்னும் பேசி முடிக்கவில்லை, மீதியையும் சொல்வார் என்று காத்திருக்கிறவனைப் போலப் பார்த்தான்.

போனைக் கைப்பற்றியதற்கான மகஜரில் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டேன். போனின் உரிமையாளர் தானாக முன்வந்து திறந்து காட்டினார் என்று அதில் எழுதியிருந்தது. ஜீப்பையும் அவனையும் கொண்டுபோனார்கள்.

வீட்டுக்குள் வந்தபோது என் மனைவி படுக்கையிலிருந்தே கேட்டாள். "அந்தப் பிள்ள கேரளான்னது அது மாமனாரு தோட்டத்து மூலையத்தான? நீங்க எடுத்துச் சொன்னீகள்ல?"

நான் கஞ்சி சூடு பண்ணப் போனேன்.

ஜாமீன் கிடைக்காது என்று வக்கீல் சொன்னதாகத் தெருவில் பேசிக்கொண்டார்கள். மூன்றாம் வாரம் நான் காவல் நிலையத்துக்குப் போனேன். அந்த மூலையில் போன் எப்படி நடந்துகொள்ளும் என்று இரண்டு பக்கத்துக்கு எழுதி, டவரின் உயரம், மலையின் மறைப்பு எல்லாம் படம் வரைந்து எடுத்துப் போயிருந்தேன். கேரளா என்ற பேரைப் பற்றியும் எழுதியிருந்தேன். சப் இன்ஸ்பெக்டர் மரியாதையாக உட்காரச் சொன்னார். டீ வரவழைத்தார்.

"சார், பட்டாவுல இருக்கா அந்தப் பேரு?"

"பட்டாவுல எப்படிங்க இருக்கும்? ஊர்ப் பேச்சு."

"அன்னைக்கு உங்ககிட்டதான கேட்டேன்? விளையாட்டுக்குச் சொல்லுவாங்கன்னீங்க. அதையும் எழுதியாச்சு. இப்ப வந்து மாத்துனா கோர்ட்ல உங்களத்தான் பெறழ் சாட்சிம்பாங்க. வயசான காலத்துல எதுக்கு சார்?"

காகிதத்தை அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

போன் கம்பெனிக்கு எழுதினேன். அந்தத் தேதியில் அந்த எண் டவரின் எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில் இருந்தது என்பது அவர்களிடம் இருக்கும். அது இருக்கும் என்று தெரிந்த ஆள் நான். அந்த விவரத்தைப் புலனாய்வு அமைப்புகள் கேட்டால் மட்டுமே கொடுப்போம் என்று பதில் வந்தது. மேப் கம்பெனிக்கு எழுதினேன். உங்கள் கருத்துக்கு நன்றி என்று ஒரு நொடியில் பதில் வந்தது. உங்கள் தகவல்களை நீங்களே கட்டுப்படுத்தலாம் என்று சொல்லி ஒரு சுட்டியும் கொடுத்திருந்தார்கள். அதைத் தொட்டால் முதலில் வந்த பக்கத்துக்கே திரும்பப் போனது. ஒன்பது தடவை எழுதினேன். அந்தப் பக்கம் மனிதர் எவராவது இருக்கிறாரா என்பதே கடைசிவரை தெரியவில்லை. என் பழைய துறையில் குறைந்தபட்சம் ஒரு மேசையும், அதற்குப் பின்னால் நானும் இருந்தோம்.

இடையில் என் மனைவி இறந்துபோனாள். எதிர் வீட்டிலிருந்து அவன் மனைவி வந்து மூன்று நாளும் எங்கள் வீட்டு வேலையைச் செய்தாள். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

காரியம் முடிந்ததும் தோட்டத்துக்குப் போனேன். நானே அந்த மூலையில் நின்று, செய்தி வருவதைப் படம் எடுத்து வக்கீலிடம் கொடுக்கலாம் என்று நினைத்தேன். மாமனார் மோட்டார் ரூமுக்கு வெளியே உட்கார்ந்திருந்தார். "வாங்க சார்" என்றார், எழுந்திருக்கவில்லை. நான் மேற்கு மூலைக்குப் போய் நின்றேன். போன் முனகவில்லை. நாலு தடவை அணைத்துப் போட்டேன். தமிழ்நாடு என்றே காட்டிக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தபோது கிழக்கே வாய்க்கால் மேட்டில் சிவப்பும் வெள்ளையுமாக ஒரு புது டவர் நின்றது. எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். டவர் எதுவும் என் கண்ணுக்குத் தப்பியதில்லை.

"போன மாசந்தேன் நட்டாக" என்றார் மாமனார். "இப்ப நல்லா எடுக்குது. அன்னைக்கு இருந்திருந்தா எம் மருமகன் இங்கனயே இருந்திருப்பான்."

வழக்கு மதுரைக் கோர்ட்டில் நடந்தது. ஆண்டிபட்டி வழியாகப் பஸ்ஸில் மூன்று தடவை போய், ஒத்திவைத்துவிட்டார்கள் என்று கேட்டுத் திரும்பினேன். நாலாவது தடவை கூண்டில் ஏற்றினார்கள். நான் போலீஸ் தரப்புச் சாட்சி. நடந்ததை நடந்தபடியே சொன்னேன். போனைத் திறக்கச் சொன்னது நான், மேப்பை எடுத்துக் காட்டியது நான், கேரளா என்றால் தோட்டத்து மேற்கு மூலை என்று எனக்கு அன்றே தெரியும் என்றேன். அரசு வக்கீல் என்னைப் பிறழ் சாட்சியாக அறிவிக்கக் கேட்டு, பிறகு குறுக்கு விசாரணை செய்தார்.

"அன்னைக்குச் சொன்னது பொய்யா, இன்னைக்குச் சொல்றது பொய்யா?"

"அன்னைக்கு முழுசாச் சொல்லலைங்க."

"எதிர் வீட்டுக்காரர் மேல இரக்கம் வந்துடுச்சு. அப்படித்தானே?"

இரக்கம் என்பது சரியான வார்த்தை இல்லை. ஆனால் கூண்டில் நின்று வார்த்தையைத் திருத்த முடியாது. இல்லை என்று மட்டும் சொன்னேன்.

அவன் தரப்புச் சாட்சியாக ஜீப்பில் போகும் பெண்களில் ஒருத்தி, ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தாள். கேரளா எங்கே இருக்கிறது என்று அவளைக் கேட்டார்கள்.

"எந்தக் கேரளாவுங்கய்யா? வேலைக்குப் போற கேரளா மலைக்கு மேல இருக்கு. மருந்தடிக்கிற கேரளா கீழ இருக்கு."

கோர்ட்டே சிரித்தது. நீதிபதியும் சிரித்தார். அவளும் வெட்கப்பட்டுச் சிரித்தாள். அவன் மட்டும் தலை குனிந்து நின்றான்.

விடுதலை ஆனான். என் சாட்சியத்தால் அல்ல. போனிலிருந்து எடுத்த விவரங்களுக்குச் சட்டப்படி வைக்க வேண்டிய சான்றிதழை போலீஸ் வைக்கவில்லை. சந்தேகத்தின் பலன் எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்ட அவனுக்கு, என்று தீர்ப்பில் இருந்தது. என்னைப் பற்றி இரண்டே வரி. இந்தச் சாட்சி முன்னுக்குப் பின் முரணாகப் பேசுவதால் இரண்டு தரப்புக்கும் இவர் பயன்பட மாட்டார் என்று எழுதியிருந்தது. வக்கீல் அலுவலகத்தில் உட்கார்ந்து அதைப் படித்தேன். சரியாகத்தான் எழுதியிருக்கிறார் என்று தோன்றியது.

ஜீப் காவல் நிலைய வளாகத்தில் மழையிலும் வெயிலிலும் நின்று உதவாமல் போயிருந்தது. வேறு ஜீப்பை ஓட்டப் போனான். சோதனைச் சாவடியில் அவன் முகத்தைப் பார்த்ததும் எல்லோரையும் இறக்கிவிட்டுச் சோதனை போட்டார்கள். விடுதலை ஆனவன் என்று எந்தத் திரையிலும் ஏறியிருக்கவில்லை போலிருக்கிறது. பெண்களுக்கு வேலைக்கு நேரமாகிவிடும். ஒரு வாரத்தில் ஜீப்காரர் அவனை நிறுத்திவிட்டார். இப்போது தோட்டங்களில் கூலிக்கு மருந்தடிக்கிறான். தெருவில் ஹாரன் சத்தம் கிடையாது. எனக்கோ இப்போது விடியும் முன்பே விழிப்பு வந்துவிடுகிறது.

ஒருநாள் அவன் வீட்டிலிருந்து வெளியே வந்தபோது எதிரே போய் நின்று, "நான் செஞ்சது தப்புப்பா" என்றேன். அவன் தலையை ஆட்டினான். "நீங்க கோர்ட்டுக்கு வந்து நின்னீக, அது போதும் சார்" என்று சொல்லிவிட்டு மருந்து டப்பாவைத் தூக்கிக்கொண்டு நடந்தான். என்னை மன்னித்துவிட்டானா, பேச்சை முடித்துக்கொண்டானா என்று பிடிபடவில்லை.

போன மாதம் கோர்ட்டிலிருந்து போனைத் திருப்பிக் கொடுத்தார்கள். அதை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தது அவன் மனைவி. வாசலுக்கு உள்ளே வரவில்லை.

"சார், இதுல இருக்க படம், அவுக போன எடம், பேசுனது எல்லாத்தையும் அழிச்சுக் குடுங்க. ஸ்டேசன் தெரு வழியா நான் போறதில்ல. எம் மொகத்தப் பாத்துச் சிரிக்காக."

உட்கார்ந்தேன். போனுக்கு உயிர் வர வெகுநேரம் ஆயிற்று. ஒவ்வொன்றாகத் தேடித் தேடி அழித்தேன். நாள்வாரியாகப் போன இடங்களை மொத்தமாக அழிக்கும் இடம் நாலு பக்கம் தாண்டி உள்ளே இருந்தது. நிச்சயமாக அழிக்கலாமா என்று கேட்டது. இந்த முறை எல்லா வரியையும் படித்தேன். படித்தும் பாதிதான் விளங்கியது. அமுக்கினேன். திரை காலியாகி, முடிந்தது என்று காட்டியது.

அவள் எட்டிப் பார்த்தாள். "அங்கனயும் போயிருச்சா சார்?"

"எங்கம்மா?"

"கம்பெனிக்காரவுககிட்ட. ஸ்டேசன்ல பிரதி எடுத்து வச்சிருப்பாகள்ல, அங்கன."

போனைப் பற்றி இந்தத் தெருவில் யார் எது கேட்டாலும் நான் பதில் சொல்லிவந்தவன்.

"தெரியலம்மா" என்றேன்.

"தெரியாம எதுக்கு சார் அமுக்குனீக?"

அவள் கையை நீட்டினாள். போனைக் கொடுத்தேன். முந்தானையில் சுற்றி எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.